சீ போடா

இல்ல சார், பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா மறந்து எறங்கிருவேன். கனமெல்லாம் இல்ல, காலிப் பைதான். நீங்க தாராளமா உக்காருங்க. தாண்டிக்குடிக்கா? பள்ளிக்கூடத்துக்கா? அட, வாத்தியாரா! தமிழ் வாத்தியாரா? கணக்கா... சரி, எதுவா இருந்தாலும் வாத்தியாரு வாத்தியாருதான். எனக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியணும் சார். ஒரே எழுத்துதான். மங்களங்கொம்புல நான் எறங்குறதுக்குள்ள தெரிஞ்சாகணும். அங்க எம் பொண்டாட்டி மூக்கம்மா நிப்பா. காலைக் கீழ வைக்கிறதுக்குள்ள கேப்பா.

எம்பேரு வேலாண்டி. நாப்பது வருசம் காப்பித் தோட்டத்துல மேஸ்திரி. இந்த மலையில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கவாத்துன்னா வேலாண்டி மேஸ்திரிம்பாங்க. எந்தக் கொப்பை வெட்டணும், எதை விடணும்னு செடியப் பாத்ததுமே சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.

இப்ப எங்கருந்து வர்றேன்னு நெனைக்கிறீங்க? வத்தலகுண்டா? ஹோண்டுராஸ் சார். ஹோண்டுராஸ். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நானும் மகன் அங்க போற வரைக்கும் கேட்டதில்ல. ரெண்டு அமெரிக்காவுக்கும் நடுவுல ஒடுங்கலா கொஞ்சம் நெலம் இருக்கில்ல, அதுல ஒரு நாடு. அதுல மேட்டுல ஒரு சின்ன டவுன். கிராசியாஸ்னு பேரு. அப்டின்னா நன்றின்னு அர்த்தமாம். ஊருக்குப் போயி யாராச்சும் நன்றின்னு பேரு வைப்பாங்களா? வச்சிருக்கான். கல்லு பதிச்ச தெரு, ஓட்டு வீடு, வெள்ளை வெள்ளையா மூணு மாதா கோயிலு, பின்னால பெரிய மலை. மலை பூராம் காப்பி. கீழ காட்டுக்குள்ள வெந்நி ஊத்து. வெந்நியத் தவிர மத்தது எல்லாம் நம்ம ஊருதான்.

மகன் தண்டபாணி அங்க காப்பி ருசி பாக்குற வேலைக்குப் போனான். அங்கயே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டு, மாமனார் குடுத்த நெலத்துல காப்பி போட்டு உக்காந்துட்டான். வீட்டை விட்டுப் போயிப் பதினோரு வருசம். பெரிய சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். களத்துல காப்பி காயுது, மழை வருது, படுதாவப் போட்டு மூட மறந்துட்டான். அம்புட்டும் நனைஞ்சு போச்சு. போடான்னேன். அதாவது, படுதா எடுத்துட்டு வரப் போடான்னு. போனான். பட்டிவீரன்பட்டியில கொஞ்ச நாள், பெங்களூர்ல கொஞ்ச நாள், அப்புறம் அங்க. படுதா எடுக்கப் போன பய பதினோரு வருசமா வரல.

மூக்கம்மா கூட வாரா வாரம் போன்ல பேசுவான். போனை எங்கிட்டக் குடுப்பா. சாப்ட்டியாம்பேன். ம்பான். நீ சாப்ட்டியான்னு அவன் கேக்க மாட்டான். திருப்பிக் குடுத்துருவேன். இப்ப மூக்கம்மாவுக்குச் சக்கரையில கண்ணு மங்கிக்கிட்டே வருது. மதுரையில பெரிய டாக்டரு பாத்துட்டு, இருக்குறதக் காப்பாத்தப் பாக்கலாம், போனது போனதுதான்னுட்டாரு. பார்வை இன்னும் ரெண்டு வருசமோ என்னமோங்கிறாரு. அன்னிக்குலருந்து ஒரே பிடிவாதம். "வெளிச்சம் இருக்கும்போதே அவன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துரணும். நான் நூறு தடவை கூப்ட்டாச்சு. நீங்க போடான்னீங்க, போனான். நீங்க வான்னாத்தான் வருவான். போயி உங்க வாயால சொல்லிட்டு வாங்க"ங்கிறா. போன்ல சொல்றேண்டின்னேன். "போன்ல சொல்றவரு பதினோரு வருசமா என்ன செஞ்சீங்க"ன்னா. அவளுக்கு முட்டி மடங்காது, வர முடியாது. அவன் டிக்கெட் அனுப்புனான். ஒரு எழுத்து சொல்ல நாலு ப்ளேன் மாறிப் போனேன்.

போன அன்னிக்கே தகராறு. அந்தப் பொண்ணு, மார்லேன்னு பேரு, சோள அடையும் கறுப்பா ஒரு பயறும் தட்டுல வச்சு நீட்டுச்சு. "சாப்பிதுங்க மாமா"ன்னுச்சு. இவன் சொல்லிக் குடுத்திருக்கான். சரின்னு ஒரு வாய் வச்சேன். உப்பு கம்மி. கொஞ்சம் உப்புன்னு கையால காட்டுனேன். "சீ, சீ"ங்குது! வீட்டுக்கு வந்த மாமனாரப் பாத்து சீயாம். தட்ட நகட்டி வச்சுட்டேன். பாணி ஓடியாந்து, "அப்பா, சீன்னா இங்க ஆமான்னு அர்த்தம்"னான். ஆமாங்கிறதுக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா இவங்களுக்குன்னேன். ஊரு பூராம் அதேதான் சார். கடைக்குப் போனா சீ, தெருவுல போனா சீ. அர்த்தம் தெரியுது, தெரிஞ்சாலும் காதுல விழும்போது சீதானே?

ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. வான்னு சொல்ல வாய் வரல. காலையில சொல்லலாம்னு இருப்பேன், அவன் தோட்டத்துக்குக் கெளம்பிருப்பான். சாயங்காலம் சொல்லலாம்னு இருப்பேன், அந்தப் பொண்ணு பால் இல்லாத காப்பியக் கொண்டாந்து வைக்கும், எரிச்சல் வந்துரும். பெத்த பிள்ளைய வான்னு கூப்புடறதுக்கு நேரம் காலம் பாக்கணுமா? பாத்தேன் சார். என்னத்தச் சொல்ல.

ஒரு நாள் காலையில தோட்டத்துல ஒரு தனித் துண்டு நெலத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போனான். சரிவுல முன்னூறு செடி. மூணு வருசச் செடி, இடுப்புக்கு மேல வளந்து, கொப்பு பூராம் காய். இன்னும் ரெண்டு மாசத்துல பழுத்துரும். மொத மகசூல். பாத்ததும் மனசு நெறைஞ்சு போச்சு, பொய் சொல்லக்கூடாது. அப்பத்தான் ஓரத்துல ஒரு பலகையப் பாத்தேன். தமிழ்ல எழுதியிருக்கு. மூக்கம்மா.

அவ பேரு! காப்பியில நாப்பது வருசம் கெடந்தவன் நான். அவ காப்பி போட்டுக் குடுத்தவ, அம்புட்டுத்தான். எம்பேர்ல ஒரு செடி இருக்கான்னு சுத்திப் பாத்தேன். இல்ல. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. அதச் சொல்ல முடியுமா? கவாத்து சரியில்லன்னேன். "உள்கொப்ப எடுக்கல, காத்து எப்டிப் போகும், இதான் நான் உனக்குக் கத்துக் குடுத்தனா?"ன்னேன். "இங்க மண்ணு வேற, மழை வேற. இங்க இப்டித்தாம்ப்பா"ன்னான். எனக்கே சொல்றான். கைத்தடிய முட்டி ஒசரத்துல வீசிச் செடியத் தட்டித் தட்டிக் காட்டுறேன், "நீயும் உன் செடியும்! போடா! போடா!"ங்கிறேன்.

அவன் அன்னிக்குக் களத்துல, இனி எம் மூஞ்சியில முழிக்காத, போடான்னு நான் கத்துனப்ப எப்டி நின்னானோ அதே மாதிரி ஒரு நிமிசம் நின்னான். அப்புறம் திரும்பி மேட்டுல ஏறிப் போயிட்டான்.

என்ன சார் பாக்குறீங்க? படுதான்னுதான் மொதல்ல சொன்னேன், ஆமா. படுதாவும் சொன்னேன் சார். ரெண்டும் சொன்னேன்.

இந்த வளைவுல கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஆங்.

அங்க ரெண்டு வேலைக்காரனுக நின்னுக்கிட்டு இருந்தானுக. எல்லாத்தையும் பாத்தவனுக. அதுல ஒருத்தன் தொப்பியக் கழட்டிக்கிட்டு எங்கிட்ட வந்து, "போதா?"ங்கிறான். நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் கேலி பண்றான்னு நெனச்சேன். மொறச்சேன். செடியக் காட்டி மறுபடியும் "போதா?"ங்கிறான். மூஞ்சியில சிரிப்பு இல்ல, அத நான் அப்பக் கவனிக்கல. அப்புறம் தயங்கித் தயங்கி, "சீ?"ங்கிறான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. மகன் மதிக்கல, இவனும் சீங்கிறானே! "யாரப் பாத்துடா சீங்கிற? சீ போடா!"ன்னேன். ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி, கைத்தடிய இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆட்டி, "சீ போடா!"

அவன் தலையாட்டுனான். தொப்பியப் போட்டுக்கிட்டான்.

அந்தப் பொண்ணோட அப்பா, சேப்பேன்னு ஒரு கெழவரு, என் வயசுதான், என்னையச் சமாதானப்படுத்தணும்னு வெந்நி ஊத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. காட்டுக்குள்ள கல்லு கட்டித் தொட்டி தொட்டியா விட்டிருக்கான். அடியிலருந்து வெந்நி வந்துக்கிட்டே இருக்கு. எறங்கி உக்காந்தா முட்டி வலி, இடுப்பு வலி எல்லாம் போயிருது. மூக்கம்மா முட்டிய நெனச்சேன். நான் தண்ணி நல்லாருக்குன்னு கையக் காட்டுனா கெழவரு "வா, வா"ங்குறாரு. கூப்புடறாருன்னு ரெண்டடி உள்ள போனேன். நல்லாருக்குன்னு காட்டுனேன். மறுபடி "வா." மறுபடி போனேன். கழுத்து வரைக்கும் வந்துருச்சு, கொதிக்குது, இந்தாளு இன்னும் வாங்கிறாரு! அப்புறம் பாணிட்டக் கேட்டேன். அங்க வான்னா சரின்னு அர்த்தமாம். எது சொன்னாலும் வாம்பானுகளாம். இத ஞாபகம் வச்சுக்கங்க சார், பின்னால வேணும்.

அந்தத் தண்ணிக்குள்ள உக்காந்து யோசிச்சேன். கோவமெல்லாம் எறங்கிருச்சு. இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிருவோம்னு முடிவு பண்ணுனேன். வா. வாடா பாணி. ஊருக்கு வா. சொல்லிப் பாத்தேன், வாய்க்குள்ளயே. கெழவரு காதுல விழுந்து அவரும் "வா"ன்னாரு. சிரிச்சுட்டேன். அந்த ஊருக்குப் போயி நான் சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்தா முன்னூறு செடியும் இல்ல.

முட்டி ஒசரத்துக்கு வெட்டிருக்கானுக. வரிசை வரிசையா கட்டை நிக்குது. கொப்பெல்லாம் கீழ கெடக்கு. காயோட சார், பச்சைக் காயோட. மார்லேன் வாயில கைய வச்சுக்கிட்டு நிக்குது. அந்த ரெண்டு பேரும் வேர்வையத் தொடச்சுக்கிட்டு, சொன்ன வேலைய முடிச்சுட்டோம்னு என்னையப் பாத்து தலையாட்டுறானுக.

பாணி அவனுகட்டக் கேட்டான். அவனுக என்னையக் கை காட்டி என்னமோ சொன்னானுக. எனக்கு ரெண்டு வார்த்தைதான் வெளங்குச்சு. சீ. போதா.

அவன் சிரிச்சான் சார். சத்தமா சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே ஒரு கட்டைக்குப் பக்கத்துல உக்காந்தவன் எந்திரிக்கல. உக்காந்தபடியே சொன்னான். "போதான்னா இங்க கவாத்துப்பா. ஆமா, கவாத்துப் பண்ணுன்னு சொல்லியிருக்கீங்க." அதுக்கு மூணு வருசச் செடிய எவனாச்சும் மொட்டையடிப்பானான்னு நான் கத்துனேன். அவனுகளுக்கும் சந்தேகம்தானாம். அதனாலதான் மூணு தடவை கேட்டானாம். ஆனா நான் வந்து எறங்குன அன்னிக்கே இவன் அவனுகள நிறுத்தி வச்சுச் சொல்லியிருக்கான். "எனக்குக் காப்பி கத்துக் குடுத்தவரு இவருதான். இவரு ஒரு செடியத் தொட்டுச் சொன்னா நான் சொன்ன மாதிரி." எனக்கு எப்டி சார் தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல அவன். தெரிஞ்சிருந்தா நான் அந்தப் பலகையப் பாத்து ஏன் அப்டி...

இன்னொண்ணும் சொன்னான். அந்த ஊருக்குப் போன புதுசு. பாஷை தெரியாது. தோட்டத்து மேஸ்திரி காலையில வந்து இவனப் பாத்து போதா, போதான்னானாம். இவன் ஒண்ணும் கேக்காம ரூமுக்குப் போயி மூட்டையக் கட்டிட்டு வாசல்ல நின்னானாம். இங்கயும் தொரத்திட்டாங்கன்னு. மேஸ்திரி வந்து கையில கவாத்துக் கத்தரியக் குடுத்தானாம். சிரிப்பாத்தான் சொன்னான். நானும் சிரிக்கலாம்னு பாத்தேன். வரல.

செடிய வெட்டுன அன்னிக்குத்தான் மார்லேன் இந்தப் பையக் கொண்டாந்து காட்டுச்சு. பாருங்க, அதுவே தச்சது. சணல் துணி. முன்னால நூல்ல என்ன எழுதியிருக்கு பாருங்க. அம்மா. அந்த 'ம்'முல புள்ளிய மேல வைக்காம பக்கத்துல வச்சிருச்சு, பாவம், பாத்து எழுதுனதுதானே. பாணி சொன்னான்: "மொதப் பழத்த நானே எடுத்து, காயப் போட்டு, வறுத்து, இதுல போட்டு அம்மாவுக்குக் கொண்டாரலாம்னு இருந்தேன். மாசியில. இவளையும் கூட்டிக்கிட்டு. அம்மாட்டச் சொல்லல. வாசல்ல வந்து நிக்கணும்னு நெனச்சேன்."

அப்ப அவன் வர்றதாத்தான் இருந்திருக்கான் சார். நான் போகாம இருந்திருந்தாலே வந்திருப்பான்.

சரி, மாசியில சும்மா வாயேன், காப்பி எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். நீங்க கேக்குறீங்க பாருங்க, கண்ணுலயே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெட்டு நேரா இருக்கு, தண்ணி நிக்கும், கட்டை அழுகிரும். சரிவா வெட்டணும்"னேன். அவன் என்னையப் பாத்தான். வீட்டுக்குப் போயிட்டான்.

மறுநா காலையில ரம்பத்த எடுத்துக்கிட்டு நானே போனேன். ஒவ்வொரு கட்டையா சரிவா அறுத்து, போர்டோ மருந்து தடவுனேன். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தஞ்சு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நாலாம் நாளு அவன் வந்தான். மருந்து டப்பாவப் பிடிச்சுக்கிட்டான். நான் அறுப்பேன், அவன் தடவுவான். மத்தியானம் மருமக சோறு கொண்டாரும், ஆமா, மருமகதான், சோறும் பயறும், உப்பு சரியாப் போட்டிருக்கும். ஒம்பது நாளு. முன்னூறு கட்டை. நல்லாத் தழையும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா காய்க்க மூணு வருசம் ஆகும் சார். மூக்கம்மாவுக்கு ரெண்டு வருசம்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நீங்க கணக்கு வாத்தியாரு, நான் என்ன சொல்றது.

ஒம்பது நாளும் பக்கத்துலயே இருந்தான். அந்த ஒரு எழுத்து வரல எனக்கு. அம்மாவுக்குக் கண்ணு இப்டி இருக்குன்னாவது சொல்லியிருக்கணும். அவ சொல்லக் கூடாதுன்னுட்டா. கண்ணுக்காக வந்தான்னு இருக்கக் கூடாதாம், அப்பன் கூப்ட்டு வந்தான்னு இருக்கணுமாம். பொம்பளைக்கு ஒரு வைராக்கியம்.

கடைசி நாளு. ஏர்ப்போர்ட் வரைக்கும் வந்தான். மலைய விட்டு எறங்கிக் காருல ஆறு மணி நேரம், ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தோம். உள்ள போறதுக்கு ஒரு கண்ணாடிக் கதவு, அதுக்கு மேல அவன் வரக் கூடாது. காலியாத்தான் இருக்கு, இருந்தாலும் கொண்டு போங்கன்னு இந்தப் பையக் குடுத்தான். வாங்கிக்கிட்டேன். அந்த ஊருக்கே நன்றின்னு பேரு, ஒரு நன்றி சொல்லலாம்ல? சொல்லல. நடந்தேன். கதவு தொறந்துச்சு. பின்னால ஆளுக தள்ளுறாங்க. திரும்பிப் பாத்தேன். அங்கயே நிக்கிறான். முடி நரைச்சிருக்கு சார் அவனுக்கு. அதுவரைக்கும் நான் பாக்கல.

"வா"ன்னேன்.

சத்தமாத்தான் சொன்னேன். கேட்டுருச்சு அவனுக்கு. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. தலைய ஆட்டுனான். ஆட்டிட்டு அவனும் சொன்னான்.

"வா."

அம்புட்டுத்தான். கதவு மூடிருச்சு.

இதான் சார் நான் கேக்குறது. அந்த வா எந்த வா? அந்த ஊரு வான்னா, சரிப்பா, வர்றேன்னு அர்த்தம். நம்ம ஊரு வான்னா, நீ வேணும்னா மறுபடி இங்க வா, நான் வர மாட்டேன்னு ஆகுது. அவன் என்னைய நீ வான்னு ஒருமையில கூப்ட்டதில்ல, வாங்கன்னுதான் சொல்லுவான். அப்ப அந்த ஊரு வாவாத்தான் இருக்கணும். இல்லையா? இல்ல, நான் சொன்னதையே அவனுகள மாதிரி அவனும் இதுதானான்னு ஒரு தடவை திருப்பிக் கேட்டானா? கேட்டிருந்தா நான் பதில் சொல்லணும்ல? கதவு மூடிருச்சே சார்.

போன்ல கேளுங்கன்னு சொல்லாதீங்க. நாலு ப்ளேன்லயும் அதத்தான் யோசிச்சேன். என்னன்னு கேக்குறது?

அதுக்குள்ள மங்களங்கொம்பு வந்துருச்சா? கண்டக்டர், ஆள் எறங்கணும்! சரிதான், அவ கிட்ட வர்றேன்னுட்டான்னு சொல்லிரவா? செடியப் பத்திச் சொல்லணுமா? எதயும் இப்பச் சொல்லாம, பைய மட்டும் குடுத்துரவா? சொல்லுங்க சார்.

அந்தா நிக்கிறா பாருங்க, மழையில கொடை கூடப் பிடிக்காம. கைய நெத்தியில வச்சுக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டு. படியில நான் நிக்கிறேன், பாத்தீங்களா, என்னையப் பாக்கல. எனக்குப் பின்னால யாரு எறங்குறான்னு பாக்குறா.